வீட்டு உறுதியும் ஒரு கையொப்பமும்



'வங்குரோத்து' என்னும் சொல் 2022 ஆம் ஆண்டுக்கு முன்னர் நம் இல்லங்களில் அரிதாகவே ஒலித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நமது நாட்டு அரசாங்கம் அறிவித்த பின்னரே சிறு பிள்ளைகளும் அச்சொல்லை உச்சரிக்கத் தொடங்கினர். அதன் பின் நடந்தது என்ன? கடன் கொடுத்தவர்களும் கடன்பட்ட நாடும் மேசையின் இரு புறமும் அமர்ந்து பேசினர். 2024 ஜூன் மாதத்தில் கடன் வழங்கிய நாடுகளுடனும், அதே ஆண்டு டிசம்பரில் பிணைமுறி வைத்திருந்தோருடனும் இணக்கம் காணப்பட்டது. தவணைகள் நீட்டப்பட்டன, ஒரு பகுதி தள்ளுபடியும் செய்யப்பட்டது. நாட்டின் தலைவாசலில் ஏல அறிவித்தல் ஒட்டப்படவில்லை.

ஆனால் ஒரு குடும்பம் முறிவடையும்போது இவ்வாறு நடப்பதில்லை. தவணை தவறிய தந்தை கடன் கொடுத்தவரைக் கண்டால் ஒதுங்கிச் செல்கின்றார். வந்த கடிதத்தைப் பிரிக்காமலே அலுமாரியில் வைக்கின்றார். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடனைப் பெறுகின்றார். இறுதியில் வீட்டுச் சுவரில் அறிவித்தல் ஒட்டப்படும் நாளிலேதான் மனைவியும் மக்களும் உண்மையை அறிகின்றனர். இந்நிலை எவ்வாறு உருவாகின்றது, சட்டம் இதில் எங்கே நிற்கின்றது, நமது மார்க்கச் சட்ட நூல்கள் என்ன கூறுகின்றன என்பதை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

காத்தான்குடியிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால் ஆரையம்பதி, குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி எனத் தமிழ்க் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பின்னர் மருதமுனை வருகின்றது. ஒரு புறம் கடல், மறு புறம் வாவி. இடையே ஒடுங்கிய நிலம். இங்கு ஒரு துண்டு வளவின் பெறுமதி என்னவென்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பாதை நெடுகிலும் இனமும் மதமும் மாறினாலும் ஒரு வழக்கம் மாறுவதில்லை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பதே அது. செட்டிபாளையத்துத் தமிழ்த் தந்தையும் காத்தான்குடி முஸ்லிம் தந்தையும் மகளின் பெயரில் உறுதி எழுதும் நாளை எண்ணியே உழைக்கின்றனர். மாப்பிள்ளை மனைவியின் வீட்டில் வந்து வாழ்வதும், வீட்டு உறுதி பெண்ணின் பெயரிலேயே இருப்பதும் மட்டக்களப்புப் பிரதேசத்தின் நெடுங்காலப் பழக்கம். (சீதனம் பற்றி உலமாக்கள் கூறும் கண்டனம் தனி விடயம், மஹர் கொடுக்க வேண்டியவனே வீடு கேட்பது எவ்வகையில் நியாயம் என்பதை மற்றொரு சந்தர்ப்பத்தில் பேசுவோம்.) இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், நமது ஊர்களில் வீடு என்பது பெரும்பாலும் கடன்பட்ட ஆணின் சொத்து அன்று. அது அவனுடைய மனைவியின் அல்லது மாமியின் சொத்தாகும். அவள் கையொப்பம் இடாதவரை அவனுடைய கடன் அவ்வீட்டின் வாசற்படியைத் தாண்டாது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கணவர் புடவைக்கடை வைத்திருக்கின்றார். கடையை விரிவாக்க 30 இலட்சம் ரூபா தேவைப்படுகின்றது. மாறும் வட்டியில், 15 வருடத் தவணையில், மனைவியின் வீட்டை ஈடு வைத்துக் கடன் பெறுகின்றார். பெறும்போது வட்டி 14 சதவீதம். மாதத் தவணை ஏறத்தாழ 40,000 ரூபா. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை நினைவிற் கொள்ளுங்கள். இவருடைய வட்டியும் 26 சதவீதத்தை எட்டினால், தொடக்கத்தில் மாதம் 35,000 ரூபாவாக இருந்த வட்டி மாத்திரமே 65,000 ரூபாவாகிவிடும். பழைய தவணையை ஒழுங்காகச் செலுத்தினாலும் கடன் குறையாது, வளரும். கடையிலோ அதே காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. இம்மனிதர் சூதாடவில்லை, வீண்செலவு செய்யவில்லை. எனினும் மூழ்குகின்றார். வட்டி எதற்காகத் தடுக்கப்பட்டது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

வட்டியற்ற முறையில் முராபஹா போன்ற ஒப்பந்தங்கள் மூலம் பணவசதி பெற்றவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கு தொகை முன்கூட்டியே நிச்சயிக்கப்படுவதால் இவ்வாறு திடீரென ஏறாது. அது பெரிய பாதுகாப்பு. ஆயினும் வீட்டை ஈடாக எழுதிக் கொடுத்திருந்தால் ஈடு ஈடுதான். தவணை தவறினால் வீடு ஆபத்திற்குள்ளாகும்.

இனி, சட்டத்தைப் பார்ப்போம்.

சாதாரணமாக ஒருவருடைய ஈட்டுச் சொத்தை விற்க வேண்டுமானால் கடன் கொடுத்தவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற வேண்டும். ஆனால் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க, வங்கிகளால் கடன்களை அறவிடுதல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வங்கிகளுக்கு ஒரு தனி அதிகாரத்தை வழங்கியுள்ளது. வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். நீதிமன்றம் செல்லாமலே சொத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். இதனையே 'பராட்டே' என்று அழைக்கின்றனர். தீர்மானம் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளியிடப்பட வேண்டும். ஏலத் திகதி பற்றிய அறிவித்தல் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் தரப்பட வேண்டும். ஏலத் திகதிக்கு முன்னர் முழு நிலுவையையும் வட்டி, செலவுகளுடன் கொண்டுபோய்க் கொடுத்தால் விற்பனை நிறுத்தப்பட்டாக வேண்டும். தவறிய தவணைகளை மாத்திரம் கொடுத்தால் நிறுத்துவதும் நிறுத்தாமல் விடுவதும் சபையின் விருப்பம். பதினான்கு நாட்களில் ஒரு குடும்பம் எங்கே போய் முழுத் தொகையைத் திரட்டும்? ஆகவேதான், ஏல அறிவித்தலைக் கண்ட பின் ஓடுவது பெரும்பாலும் காலங்கடந்த ஓட்டமாகின்றது.

இச்சட்டத்திற்கு 2011 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தை நம்மவர்களிற் பலர் அறியார். பெற்ற முதல் தொகை 50 இலட்சம் ரூபாவிற்குக் குறைவாக இருப்பின் வங்கி இந்தப் பராட்டே வழியைப் பயன்படுத்த முடியாது. முதல் தொகையைக் கணக்கிடும்போது ஏறிய வட்டியையும் தண்டப் பணத்தையும் சேர்க்கலாகாது என்பதும் அத்திருத்தத்திலேயே உள்ளது. நாம் மேலே கண்ட புடவைக்கடைக்காரர் 30 இலட்சமே பெற்றார். வட்டியோடு நிலுவை 55 இலட்சமாக வளர்ந்திருந்தாலும் அவருடைய விடயம் நீதிமன்றத்திற்கே செல்ல வேண்டும். நீதிமன்றம் என்றால் விளக்கம் கூறும் வாய்ப்பு உண்டு. தவணை கேட்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அழைப்பாணை வந்த திகதியில் அவர் அங்கே நிற்க வேண்டும். வராதவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பு எழுதப்படும்.

2022 நெருக்கடியின் பின்னர் சிறு, நடுத்தர முயற்சியாளர்களின் முறையீட்டின் பேரில் 2024 ஆம் ஆண்டில் பராட்டே அதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. அவ்விடைநிறுத்தம் 2025 மார்ச் 31 ஆம் திகதி வரை நீடிக்கப்பட்டுப் பின் முடிவுற்றது. 'அரசாங்கம் ஏலத்தைத் தடை செய்திருக்கின்றது' என்று இன்றும் சிலர் நம்பிக் கொண்டிருப்பது ஆபத்தான அறியாமையாகும்.

இப்பொழுது நமது ஊர் வழக்கத்துடன் நேரடியாகத் தொடர்புடைய விடயத்திற்கு வருவோம். கடன் பெற்றவர் ஒருவர். வீட்டை ஈடு வைத்தவர் வேறொருவர். மாமியின் வீடு, மருமகனின் வியாபாரம். இவ்வாறு கடனாளி அல்லாத மூன்றாம் ஆள் கொடுத்த ஈட்டின் மீது வங்கி பராட்டே அதிகாரத்தைப் பயன்படுத்தலாமா என்னும் வினா உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, 2006 ஆம் ஆண்டில், பெரும்பான்மை நீதியரசர்கள் 'முடியாது' எனத் தீர்ப்பளித்தனர். கடனாளி தானே ஈடு வைத்த சொத்திற்கே அவ்வதிகாரம் பொருந்தும் என்பது அதன் கருத்து. ஈடு செல்லாததாகிவிட்டது என்பது இதன் பொருளன்று. வழக்கு மூலம் அறவிடலாம். கம்பனியின் கடனுக்குப் பணிப்பாளர் ஈடு வைப்பது போன்ற நிலைமைகளைப் பின்வந்த தீர்ப்பு வேறு விதமாக நோக்கியுள்ளமையால், இத்தகைய ஈட்டில் சிக்கியவர்கள் தாமாகவே முடிவு கட்டாமல் சட்டத்தரணி ஒருவரிடம் பத்திரங்களைக் காட்ட வேண்டும். அத்துடன், மனைவியையும் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்து ஒப்பமிடச் செய்தால் அவள் மூன்றாம் ஆளாக இருக்கமாட்டாள். 'இது வெறும் சம்பிரதாயம், இந்த இடத்தில் ஒரு கையெழுத்து வையுங்கள் உம்மா' என்று கடதாசிக் கட்டை நீட்டும்போது, அவள் ஈடு வைப்பவளாக ஒப்பமிடுகின்றாளா, கடனாளியாக ஒப்பமிடுகின்றாளா, பிணையாளியாக ஒப்பமிடுகின்றாளா என்பதை வாசித்துச் சொல்ல அருகில் ஒருவர் இருக்க வேண்டும். படித்த மகனே, படித்த மகளே, அந்த ஒருவர் நீங்களாகவே இருக்க முடியும்.

வங்கியை விட்டுத் தனியாரிடம் செல்வோரின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவசரத்திற்குப் பணம் தருபவர் ஈட்டு உறுதி கேட்பதில்லை. அறுதியாகவே எழுதித் தரும்படி கேட்கின்றார். 'இத்தனை மாதத்திற்குள் பணத்தைத் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்' என்னும் நிபந்தனை சில வேளைகளில் உறுதியில் எழுதப்படும். சில வேளைகளில் வாய்ப்பேச்சோடு நின்றுவிடும். இது ஈடு அன்று, விற்பனை. தவணை நாள் கடந்தால் ஏலமும் இல்லை, அறிவித்தலும் இல்லை. வீடு ஏற்கனவே அவருடைய பெயரில் இருக்கின்றது. ஒரு கோடி பெறுமதியான வளவு பத்து இலட்சத்திற்குப் போய்விடலாம். உண்மையில் உரிமையை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்பதை நிரூபித்து, நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவின் கீழ் மீட்கும் வழி உண்டு. நமது நீதிமன்றங்கள் அவ்வாறு தீர்ப்பளித்துமுள்ளன. எனினும் அது வருடக்கணக்கில் இழுபடும் வழக்கு. வீடு மீளும்போது கட்டியவர் உயிரோடு இருப்பாரோ என்னவோ.

குடியேற்றத் திட்டங்களில் அரச காணியில் வீடு கட்டியிருப்போர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ (பேர்மிட்) அளிப்புப் பத்திரத்திலோ வழங்கப்பட்ட காணியை எந்த நீதிமன்றத் தீர்ப்பின் பேரிலும் கைப்பற்றி விற்க முடியாது என அச்சட்டத்தின் 170 ஆம் பிரிவு கூறுகின்றது. ஆகவே கடன் கொடுத்தவர் அப்பத்திரத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருப்பதால் மாத்திரம் காணி அவருடையதாகிவிடாது.

அப்படியானால் கடனே தீர்க்க முடியாத அளவிற்குப் பெருகியவர், தம்மை வங்குரோத்தானவர் எனப் பிரகடனம் செய்து வீட்டைக் காத்துக்கொள்ள முடியாதா? அமெரிக்காவில் ஒரு வழி உண்டு. அந்நாட்டு வங்குரோத்துச் சட்டத்தின் 13 ஆம் அத்தியாயத்தின் கீழ் மனு கொடுத்தவுடன் வீட்டு ஏலம் தானாகவே தடைப்படும். தவறிய தவணைகளை 3 முதல் 5 வருடங்களுக்குள் சிறுகச் சிறுகச் செலுத்தி வீட்டைத் தக்க வைக்கலாம். நமது நாட்டில் தனிமனிதரின் வங்குரோத்து பற்றிய சட்டம் 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். குதிரை வண்டிக் காலத்துச் சட்டம். மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, சொத்துக்களை ஒப்படைத்து, கடன்களிலிருந்து விடுதலைச் சான்று பெறும் முறை அதில் உண்டு. ஆனால் ஈடு பெற்றவரின் உரிமையை அது அழிப்பதில்லை. ஈடு வைத்த வீட்டை அது காப்பாற்றித் தருவதுமில்லை. விடுவிக்கப்படாத வங்குரோத்தாளர் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது என அரசியலமைப்பும் கூறுகின்றது. நடைமுறையில் இவ்வழியை நாடுவோர் மிகச் சிலரே.

நமது மார்க்கச் சட்ட நூல்களில் இவ்விடயம் தனி அத்தியாயமாகவே உள்ளது. கடன் சொத்தை விஞ்சியவரை 'முஃப்லிஸ்' என்றும், காழி அவருடைய சொத்தில் அவர் கைவைப்பதைத் தடுத்துக் கடனாளர்களுக்குப் பங்கிடுவதைத் 'தஃப்லீஸ்' என்றும் அழைப்பர். முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களின் சொத்தை அவர்களுடைய கடனுக்காக நபி (ஸல்) அவர்கள் விற்றார்கள் என்னும் செய்தி இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் மற்றொரு சம்பவத்தில், வாங்கிய கனிகளில் நட்டமடைந்து கடன் பெருகிய ஒருவருக்குத் தர்மம் செய்யுமாறு மக்களிடம் நபியவர்கள் கூறினார்கள். சேர்ந்த தொகை போதவில்லை. கிடைத்ததை எடுத்துக் கொள்ளும்படியும், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்றும் கடன் கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டார்கள். ஊர் முதலில் கைகொடுத்தது. எஞ்சியதைக் கடன் கொடுத்தவர் தாங்கிக் கொண்டார்.

வீட்டைப் பற்றி என்ன? இங்கு இமாம்கள் வேறுபடுகின்றனர். அவர் வசிப்பதற்குத் தேவையான வீடு விற்கப்படாது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலோ, இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூல் மிகச் சரியான கருத்தாக எடுத்துரைப்பது, வீடும் விற்கப்படும் என்பதே. தகுந்த ஆடையும், பங்கிடும் நாளில் குடும்பத்தவருக்கான உணவும் விட்டு வைக்கப்படும். இதை முதன்முறை கிதாபில் ஓதியபோது எனக்குத் திகைப்பாகவே இருந்தது. கடன் கொடுத்தவரின் உரிமையை நமது இமாம்கள் அவ்வளவு கனமாக எடைபோட்டுள்ளனர். ஆனால் அதே சட்டத்தில் மறுபக்கமும் உண்டு. விற்கப்படுவது முஃப்லிஸின் சொத்து மாத்திரமே. மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. கணவனின் கடனுக்காக அதில் ஒரு செங்கல்லையும் தொட முடியாது. அவளே மனமுவந்து ஈடு கொடுத்தாலன்றி. நாட்டுச் சட்டமும் கிதாபும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் அவளுடைய கையொப்பத்தின் முன்னே வந்து நிற்கின்றன. அந்தக் கையொப்பம் வெட்கத்தினாலோ, மாப்பிள்ளை கோபித்துக் கொள்வார் என்ற அச்சத்தினாலோ பெறப்படுமானால் அதனை மனமுவந்த கையொப்பம் என்று எவ்வாறு சொல்வது?

ஏற்கனவே ஒப்பமிட்டுவிட்டவர்கள் என்ன செய்யலாம்? முதல் தவணை தவறிய வாரத்திலேயே, கேட்குமுன் சென்று பேசுங்கள். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்குர்ஆன் (2:280) கட்டளையிடுகின்றது. விட்டுக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் அவ்வசனம் சொல்கின்றது. வங்கி அதிகாரியிடம் வசனத்தைக் கூறிப் பயனில்லை என்பீர்கள். ஆனால் வங்கிகளும் ஏலத்தை விரும்புவதில்லை. ஏலத்தில் வீடு அடிமாட்டு விலைக்கே போகும். நெருக்கடிக்குள்ளான தொழில்களை மீட்டெடுப்பதற்கெனத் தனிப் பிரிவு அமைக்குமாறு 2024 ஆம் ஆண்டில் மத்திய வங்கி எல்லா உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் அறிவுறுத்தியது. தவணைக் காலத்தை நீட்டுதல், சில மாதங்கள் வட்டியை மாத்திரம் செலுத்துதல், தண்ட வட்டியைத் தள்ளுதல், ஒரே தொகையாகக் குறைத்து முடித்தல் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் பெறுங்கள். கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் பள்ளிவாசலில் தம் கடனாளியோடு சத்தமிட்டபோது, பாதியை விட்டுவிடுமாறு நபியவர்கள் சைகை செய்ததும், அவர் ஒப்புக்கொண்டவுடன் கடனாளியை நோக்கி 'எழுந்து மீதியைச் செலுத்து' என்ற கருத்தில் பணித்ததும் புகாரியில் உள்ளது. தள்ளுபடியும் உடனடிச் செலுத்துகையும் சேர்ந்தே அந்த இணக்கம் அமைந்தது. வங்கியின் பதில் திருப்தியற்றதாயின் நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் மத்திய வங்கியிடமும் முறையிடலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

செய்யக்கூடாதது ஒன்று: வங்கித் தவணையைக் கட்ட நுண்கடன் எடுப்பது. அதன் கசப்பை வாவியின் இரு கரைகளும் அறியும். கிழக்கு உள்ளிட்ட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவிற்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை 2018 ஆம் ஆண்டில் அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர், சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 200 சதவீதத்தையும் தாண்டியதைச் சுட்டிக்காட்டினார். வாராந்தம் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பாளருக்கு அஞ்சிப் பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்திருந்த கதைகள் தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் கிராமங்களிலும் ஒன்றே.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் (9:60) கடன்பட்டோரும் ஒரு பிரிவினர். நமது ஊர்களில் கூட்டு ஸகாத் நிதியிலிருந்து தையல் இயந்திரமும் மீன்பிடி வலையும் கொடுக்கின்றோம், நல்லதே. ஆனால் வீடு ஏலம் போன பின்னர் அக்குடும்பத்திற்குப் புதுவீடு கட்டிக் கொடுக்க ஆகும் பணத்தில் ஒரு சிறு பகுதி, நான்கு மாத நிலுவையாக முன்னரே கொடுக்கப்பட்டிருந்தால் அந்த வீடே தப்பியிருக்கும். நிலுவையில் வட்டி கலந்திருக்கும் சிக்கலை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து, இதற்கென ஒரு பகுதியை ஒதுக்குவது பற்றி மஹல்லாக்கள் ஆலோசிக்கலாம். முறையிட வருபவரின் பெயர் குழுவுக்கு வெளியே போகாதிருப்பது அவசியம். பெயர் வெளியே போகும் என்ற அச்சமே பலரை வராமல் தடுக்கின்றது.

கடனை முழுமையாக அடைத்தவர்களும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கடைசித் தவணையோடு ஈடு தானாக நீங்குவதில்லை. ஈட்டை விடுவிக்கும் பத்திரத்தை நொத்தாரிசு மூலம் எழுதுவித்து, காணிப் பதிவகத்தில் பதிவு செய்து, மூல உறுதியைக் கையில் வாங்க வேண்டும். பல வருடங்களின் பின் மகளின் திருமணத்திற்கு உறுதி எழுதச் சென்றபோது, எப்போதோ அடைத்து முடித்த கடனின் ஈடு பதிவேட்டில் அப்படியே நிற்பதைக் கண்டு திகைத்தவர்கள் நம்மிடையே உள்ளனர்.